பன்னிரண்டு வாளியில் பாசி வளர்த்தால் அது ஆராய்ச்சி ஆகாதா?

#1 · முனைக்காட்டுப் பாசி · ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மா பாசி மிதவை போடுகிறார். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் நாற்று. ஒரு மிதவைக்கு 60 கிலோ ஆச்சு. 45 நாளில் அது நாலு மடங்கு ஆனால் அந்த மாதம் வீட்டில் சண்டை இல்லை. கணக்குப் போட்டால் நாளுக்கு 3.1 சதவீத வளர்ச்சி. ஊரில் இதற்குப் பெப்சி பாசி என்று பெயர், 2000-த்தை ஒட்டி அந்த நிறுவனம் இங்கே பயிரிட வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். பாடப் புத்தகத்தில் கப்பாபைகஸ்.

வாடைக் காற்று ஓய்ந்து கச்சான் காற்று பிடிப்பதற்கு முந்தின நாட்களில், பங்குனி சித்திரையில், பாசியில் வெள்ளை விழும். கிளை பிரிகிற கணுவில்தான் முதலில் நிறம் போகும். ரெண்டு நாளில் அந்த இடம் ஊறின ஜவ்வரிசி மாதிரி ஆகிவிடும். விரல் பட்டால் போதும், கிளை கழன்று வந்துவிடும். மிதவையைத் தூக்கும்போது பாதிப் பாசி தண்ணீரிலேயே கொட்டுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

அப்பா சொல்வது, காற்று நின்றால் வெள்ளை வரும். அம்மா சொல்வது, தண்ணீர் சுட்டால் வரும். கடலில் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. காற்று நிற்கிற வாரத்தில்தான் தண்ணீரும் சுடும். வருடக்கணக்கில் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாலும் எது காரணம் என்று பிரிக்க முடியாது. அதனால்தான் முதுகலை ஆய்வுக்கு வாளியைக் கையில் எடுத்தேன்.

வீட்டுப் பின்கட்டில் 12 வாளி. ஒரே நாளில் மொண்ட கடல் தண்ணீர், ஒரே தாய்ச்செடியில் கிள்ளிய நாற்று. மூன்று வாளியில் சூடும் உண்டு, காற்றுக் குமிழும் உண்டு. மூன்றில் சூடு மட்டும். மூன்றில் குமிழ் மட்டும். மூன்றில் இரண்டும் இல்லை. சூட்டுக்கு மீன்தொட்டி ஹீட்டர், 34 டிகிரி. எடை பார்க்கும் முன் ஒவ்வொரு கொத்தையும் பத்து உதறு உதறி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுப்பேன். அந்தப் பத்து உதறு எட்டானால் எடை மாறிவிடும், அதனால் வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்வேன்.

சூடும் நின்ற தண்ணீரும் சேர்ந்த வாளிகளில் முதலில் வெளுத்தது. சூடு இருந்தும் குமிழ் ஓடிய வாளிகளில் சில நாள் கழித்து வெளுத்தது. சூடு இல்லாமல் தண்ணீர் மட்டும் நின்ற வாளிகளில் கடைசி வரை வெளுக்கவில்லை, மேலே ஒரு வழுவழுப்பு மட்டும் படிந்தது.

இதை ஒரு கருத்தரங்கில் சொன்னேன். கேட்டவர்களில் ஒருவர், "வாளி கடல் ஆகாது, இதில் ஆராய்ச்சி என்ன இருக்கிறது?" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். வாளி கடல் ஆகாதுதான். ஆனால் அதனால் இது ஆராய்ச்சி இல்லாமல் போய்விடுமா? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

#2 · தேவிபட்டினம் வாத்தியார் · ஞாயிறு இரவு 10.05

அம்மா, முதலில் ஒன்று. நீங்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது. பரவாயில்லை, இங்கே பேசுவோம்.

முப்பது வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஊசிக்கணவாய் மலிவாகக் கிடைக்கிற நாளில் வகுப்புக்கு வாங்கிப் போவேன். உடலை நீளவாக்கில் கீறி விரித்தால் உள் சுவரில் நட்சத்திரம் மாதிரி ஒரு நரம்பு முடிச்சு தெரியும். அங்கிருந்து விசிறியாகக் கிளம்பும் இழைகளில் ஒன்று மட்டும் தடித்திருக்கும். கணவாய் மிரண்டு தண்ணீரைப் பீய்ச்சிப் பின்னால் பாய்கிறதே, அந்த உத்தரவு போகிற பாதை அது. பெரிய இனங்களில் அதன் தடிமன் 1 மில்லிமீட்டர் வரை போகும். நம் உடம்பு நரம்பிழைகள் பெரும்பாலும் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது.

1936-ல் ஜே. இசட். யங் என்ற விலங்கியலாளர் இது நரம்பிழைதான் என்று எடுத்துக்காட்டினார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1939-ல் அதற்குள்ளேயே மின்முனையை நுழைத்து மின்னழுத்தத்தை அளந்தார்கள். நடுவில் போர் வந்தது. 1952-ல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். 1963-ல் நோபல். இன்று மூளை, இதயத்தின் மின்துடிப்பு பற்றிய பல கணினி மாதிரிகளுக்கு அடியில் அந்தக் கணவாய் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது அதற்குள் இருக்கும் ஒரு நுட்பம். நரம்பில் மின்துடிப்பு ஓடும், அதுதான் அதன் வேலை. அவர்கள் செய்தது அந்த ஓட்டத்தையே நிறுத்தியது. இழைக்குள் நீளவாக்கில் உலோகக் கம்பியைச் செருகிவிட்டால் இழை முழுக்க ஒரே நேரத்தில் ஒரே மின்னழுத்தம். துடிப்பு ஓட வழியில்லை. "ஓடாத நரம்பு நரம்பே இல்லை" என்று அன்றைக்கும் ஒருவர் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓட்டத்தை நிறுத்தியதால்தான் சோடியம் எப்போது உள்ளே வருகிறது, பொட்டாசியம் எப்போது வெளியே போகிறது என்று தனித்தனியாக அளக்க முடிந்தது. அப்புறம் காகிதத்தில் அந்த ஓட்டத்தைத் திரும்பச் சேர்த்தார்கள். கையால் சுற்றுகிற கணக்குப் பொறியில் ஹக்ஸ்லி கணக்கிட்டபோது துடிப்பின் வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர் என்று வந்தது. நிஜ நரம்பில் அளந்தது 21.2 மீட்டர்.

பிரித்தார்கள், அளந்தார்கள், திரும்பச் சேர்த்து நிஜத்தோடு ஒப்பிட்டார்கள். உங்கள் வாளியில் முதல் இரண்டும் இருக்கிறது. மூன்றாவது இன்னும் இல்லை. உங்களிடம் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

#3 · குருசடை நீச்சல் · ஞாயிறு இரவு 11.20

எதிர்ப்பக்கமும் ஒருவர் பேச வேண்டும், நான் பேசுகிறேன். தங்கச்சியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை.

பல வருடமாக மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்குகிறேன். இதே பெப்சி பாசி பற்றித்தான் சொல்லப் போகிறேன். பயிரிட ஆரம்பித்த காலத்தில், இது நம் கடலில் தானாகப் பரவாது, கயிற்றில் கட்டினால்தான் வளரும் என்ற பேச்சு ஓடியது. சின்ன இடத்தில், கட்டுப்பாட்டில் வளர்த்துப் பார்த்த அனுபவத்தை வைத்துச் சொன்னது. 2008-ல் குருசடைத் தீவின் பவளப்பாறையில் இது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். நானும் பார்த்திருக்கிறேன். மான்கொம்புப் பவளத்தின் கிளைகளுக்கு நடுவே பாசி கெட்டியாகப் பின்னிக்கொண்டு நிற்கும். பிடுங்கினால் பவளத்தின் நுனியும் சேர்ந்து ஒடியும். பிடுங்காமல் விட்டால் உள்ளே வெளிச்சம் போகாமல் பவளம் சாகும்.

கயிற்றில் கட்டிப் பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த இடத்தில் பவளம் இல்லை, அவ்வளவுதான். இல்லாத ஒன்றைப் பற்றி அந்தச் சோதனை எப்படிப் பேசும்?

வாளியில் பாசி தின்னும் ஓரா மீன் இல்லை. கடலில் நாற்றுக் கட்டிய மறுநாளே ஓரா வந்து நுனியைக் கடிக்கிறது. கடித்த காயத்தில் வெள்ளை சீக்கிரம் பிடிக்குமா? ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு குறைகிற நாள் வாளியில் இல்லை, சேறு கலங்கி வெளிச்சம் போகிற நாள் இல்லை. எளிமையாக்கும்போது எதை வெளியே விட்டோம் என்பதை மறந்துவிடுகிறோம். மறந்த பிறகு அதை வைத்து அரசாணை போடுகிறார்கள், கடன் கொடுக்கிறார்கள், மிதவை விற்கிறார்கள். அடி வாங்குவது கடலும் கடலோரத்துக்காரனும்.

#4 · கீழக்கரையான் · திங்கள் காலை 6.40

நான் கப்பல் கட்டும் தளத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறவன், இப்போது விடுமுறையில் ஊரில். நீச்சல் அண்ணன் சொன்னதும் வாத்தியார் ஐயா சொன்னதும் எங்கள் துறையில் ஒரே ஆளிடம் சேர்ந்து நடந்திருக்கிறது.

வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கப்பலைத் தண்ணீர் எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒரு பொம்மைக் கப்பலை வைத்துச் சொல்ல முடியுமா என்பது அவர் கேள்வி. முடியாது என்றுதான் அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். காரணம், தண்ணீர் இரண்டு விதமாகத் தடுக்கிறது. ஒன்று கப்பல் எழுப்புகிற அலை. இன்னொன்று உடம்பில் உரசுகிற உராய்வு. கப்பலைச் சிறிதாக்கினால் இரண்டும் ஒரே விகிதத்தில் சிறிதாவதில்லை. இங்கே தங்கச்சியின் சூடும் காற்றும் மாதிரி, அங்கே அலையும் உராய்வும் ஒட்டிக்கொண்டு வந்தன.

1867-ல் அவர் இரண்டு வடிவங்களை, ஒன்றுக்கு அன்னம், இன்னொன்றுக்கு அண்டங்காக்கை என்று பெயர் வைத்து, 3, 6, 12 அடி நீளத்தில் செய்து ஆற்றில் இழுத்துப் பார்த்தார். வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைத்தால் சின்னதும் பெரியதும் ஒரே மாதிரி அலை எழுப்பின. 25-ல் ஒரு பங்கு பொம்மைக்கு 5-ல் ஒரு பங்கு வேகம். சரி, உராய்வு? அதற்கு வெறும் பலகை. அலை எழுப்பாத தட்டையான பலகைகளைப் பல நீளத்தில் இழுத்து உராய்வை மட்டும் தனியாக அளந்தார். பொம்மையின் மொத்தத் தடையில் உராய்வைக் கழித்து, மிச்சத்தைப் பெரிதாக்கி, நிஜக் கப்பலின் உராய்வைக் கூட்டினார். 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி கட்டி மெழுகில் மாதிரி வார்த்து இதையே தொழிலாக்கினார். இன்றைக்கும் எங்கள் தொட்டியில் அடிப்படை அதுதான்.

அவர் அதோடு நிற்கவில்லை. கிரேஹவுண்ட் என்ற நிஜப் போர்க்கப்பலை இன்னொரு கப்பலால் இழுக்கவைத்து, கயிற்றின் இழுவிசையை அளந்து, பொம்மைக் கணக்கோடு ஒப்பிட்டார். வாத்தியார் சொன்ன மூன்றாவது படி.

இப்போது தங்கச்சிக்கு ஒரு கேள்வி. ஃப்ரூட் ஒரு எண்ணைப் பொம்மையிலும் கப்பலிலும் சமமாக வைத்தார். உங்கள் வாளியிலும் மிதவையிலும் எது சமம்? சூடு சமம், 34 டிகிரி என்றால் இரண்டிலும் 34 டிகிரிதான். தண்ணீர் அசைவு? குமிழ் ஓடுகிறது என்பது அளவு இல்லை. பாசியை ஒட்டி ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் அசையாமல் நிற்கும். சத்து அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும், ஆக்சிஜன் அதைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். அசைவு குறைந்தால் படலம் தடிக்கும். சூடான பாசிக்குத் தேவை அதிகம், அந்த நேரம் பார்த்துப் படலமும் தடித்தால் திணறும். உங்கள் முடிவு எனக்கு நம்பும்படி இருப்பது இதனால்தான். ஆனால் வாளியின் அசைவு கடலின் எந்த நாளுக்குச் சமம் என்று தெரியாமல் அதைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது.

இன்னொன்று. சூடான ஆறு வாளியும் ஒரே சுவர் ஓரமாக இருந்ததா?

#5 · முனைக்காட்டுப் பாசி · திங்கள் காலை 7.15

ஆமாம் அண்ணே. ப்ளக் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மேற்குச் சுவர். சாயங்கால வெயில் அங்கேதான் விழும். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

#6 · கீழக்கரையான் · திங்கள் காலை 7.30

எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குங்கள். 12 சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, எந்த வாளி எங்கே என்று சீட்டு சொல்லட்டும். வெயில் எல்லாருக்கும் பொதுவாகிவிடும். முதல் தடவை செய்ததைத் தூக்கிப்போட வேண்டாம், எல்லாம் ஒரே சுவரில் இருந்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதிவையுங்கள்.

#7 · உப்பளத்தான் · திங்கள் மதியம் 1.50

நான் படித்தவன் இல்லை, வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் மேஸ்திரி. வாத்தியார் ஐயா எழுதியதைப் பையன் படித்துக் காட்டினான், எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது.

எங்கள் வேலை முழுக்க ஒரு கண்ணாடிக் குழாயில்தான் ஓடுகிறது. தண்ணீரில் போட்டால் மிதக்கும், எவ்வளவு மேலே நிற்கிறதோ அதுதான் டிகிரி, சூட்டு டிகிரி இல்லை, தண்ணீரின் அடர்த்தி. கடல் தண்ணீர் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றிக் காய வைக்க வைக்க ஏறும். நடுவில் ஜிப்சம் அடியில் படியும், அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். 25-க்கு வந்தால் உப்பு விழும். 29 தாண்ட விடக்கூடாது, தாண்டினால் கசப்பு சேர்ந்துவிடும், மிச்சத் தண்ணீரை வெட்டி வெளியே விடணும். மெக்னீசியம் எவ்வளவு, பொட்டாஷ் எவ்வளவு என்று எதுவும் அந்தக் குழாய்க்குத் தெரியாது. ஆனால் கடல் தண்ணீரில் எல்லாம் ஒரே விகிதத்தில் இருப்பதால் ஒரு எண் போதும். போர்வெல் தண்ணீர் கலந்த வருடம் அதே குழாய் எங்களை ஏமாற்றியது. 25 காட்டியது, உப்பு சரியாக விழவில்லை. குழாய் மேல் தப்பு இல்லை, தண்ணீர் வேறு.

நீச்சல் தம்பி சொல்வதும் இதுதானே? கருவியைக் குறை சொல்ல வேண்டாம், எந்தத் தண்ணீருக்கு அது என்று தெரிந்து பிடி.

வாத்தியார் ஐயா, கடைசிப் பாத்தியில் தண்ணீர் ரோஸ் நிறமாகிறதே, அது என்ன பூச்சி?

#8 · தேவிபட்டினம் வாத்தியார் · திங்கள் மாலை 5.30

மேஸ்திரி, நீங்கள் கேட்டதற்குப் பதிலே இந்த விவாதத்துக்கு நல்ல சாட்சி.

கடலில் ஆயிரக்கணக்கான உயிர்கள். உங்கள் பாத்திகளில் டிகிரி ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். முதலில் மீன், அப்புறம் இறால், நத்தை. கடைசிப் பாத்தியில் மிஞ்சுவது ஒரு பச்சைப் பாசி இனம், அதுவும் சிவந்துபோய், அதோடு உப்பையே விரும்புகிற சில நுண்ணுயிரிகள். நிறம் அவற்றால் வருவது. நாங்கள் மெனக்கெட்டு ஆய்வகத்தில் எளிமையாக்க நினைப்பதை உங்கள் உப்பளம் தானாகவே செய்துவைத்திருக்கிறது.

அந்த நுண்ணுயிரி ஒன்றின் தோலில் ஊதாத் திட்டு இருக்கும். அந்தத் திட்டில் ஒரே ஒரு வகைப் புரதம்தான், அதுவும் செங்கல் அடுக்கினது போல வரிசையாக. வெளிச்சம் பட்டால் அது புரோட்டானை வெளியே தள்ளும். அந்தப் புரதத்தை 1971-ல் கண்டுபிடித்தார்கள். மற்ற உயிர்களின் செல் சவ்வில் நூறு வகைப் புரதம் கலந்து கிடக்கும், ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதற்குள் ஆயுள் போய்விடும். இங்கே ஒன்றே ஒன்று, அதுவும் அடுக்கியபடி. 1975-ல் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் உருவத்தை எடுத்தார்கள். அந்த வழியில் தொடர்ந்து போனதில்தான் புரதங்களை உறையவைத்துப் படம் எடுக்கிற முறை வளர்ந்தது, ஹெண்டர்சனுக்கு 2017-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

நீங்கள் வெட்டி வெளியே விடுகிற தண்ணீரில் அந்தக் குடும்பம் நீந்திக்கொண்டிருக்கிறது மேஸ்திரி.

#9 · பரமக்குடி இயற்பியல் · திங்கள் இரவு 8.45

நீச்சல் அண்ணன் பக்கம் ஒரு சாட்சி, சுருக்கமாக.

காந்தம் சூடாக்கினால் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் காந்தத்தன்மையை இழக்கும். ஏன் என்று பார்க்க எர்ன்ஸ்ட் ஈசிங் என்ற மாணவர் 1925-ல் மிக எளிய மாதிரி ஒன்றைக் கணக்கிட்டார். வரிசையாகக் குட்டிக் காந்தங்கள், ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே பார்க்கும், பக்கத்து வீட்டுக்காரனோடு மட்டும் பேசும். ஒற்றை வரிசையில் போட்டுப் பார்த்தார், அந்த மாற்றம் வரவே இல்லை. மூன்று பரிமாணத்திலும் வராது என்று முடிவுகட்டினார். அது தப்பு. 1936-ல் பையர்ல்ஸ், தளமாக விரித்தால் வரும் என்று வாதிட்டார். 1944-ல் ஆன்சாகர் அதை முழுதாகக் கணக்கிட்டுக் காட்டினார். குட்டிக் காந்தம் என்ற எளிமை சரியாகவே இருந்தது. வரிசையாக்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் நாலு பேர் இரண்டு பேர் ஆனதில்தான் விஷயம் செத்தது.

அதே மாதிரியை இன்றைக்கும் நாங்கள் முதல் பாடமாக வைக்கிறோம். எளிமையாக்கலாம், ஆனால் எதை வெட்டினால் கேள்வியே செத்துப்போகும் என்று பார்த்து வெட்ட வேண்டும். தங்கச்சியின் கேள்வி சூடா, அசைவா என்பது. அதற்கு ஓரா மீன் தேவையில்லை. பாசி பவளத்தில் பரவுமா என்பது கேள்வியாக இருந்தால் வாளி உதவாது.

#10 · குருசடை நீச்சல் · திங்கள் இரவு 9.30

பரமக்குடி தம்பி சொன்ன கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன். என் கோபம் கேள்வியை மாற்றிவிட்டுப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல்தான். 2005-லேயே இந்தப் பாசியை எங்கெங்கே பயிரிடலாம் என்று அரசாணை வரையறுத்தது. ஆனால் கயிறு அறுந்து மிதக்கும் கொத்துக்கு வரைபடம் தெரியாது.

தங்கச்சி, ஒரு யோசனை. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, இந்த வாளியில் என்னென்ன இல்லை என்று எழுதிவிடுங்கள். மீன் இல்லை, பவளம் இல்லை, கலங்கல் இல்லை, உப்பு மாறவில்லை. கடைசியில் சிறிய எழுத்தில் வேண்டாம்.

#11 · முனைக்காட்டுப் பாசி · திங்கள் இரவு 10.10

எழுதிவிடுகிறேன் அண்ணே. முதல் பக்கத்திலேயே.

வெப்பம் பற்றி எனக்குத் துணிச்சல் வந்ததே 1995-ல் வந்த ஓர் ஆய்வைப் படித்துத்தான். 33 முதல் 35 டிகிரி சூடு, ஆயிரத்தில் 20 பங்குக்குக் குறைந்த உப்பளவு, மங்கிய வெளிச்சம், இவை ஒவ்வொன்றும் இந்தப் பாசியை வெளுக்க வைக்கும் என்று ஆய்வகத் தொட்டியில் காட்டியிருந்தார்கள். அதுவும் தொட்டிதானே என்ற நினைப்பு எனக்குப் பெரிய ஆறுதல். 2013-க்கு அப்புறம் நம் பக்கம் பாசி கொத்துக் கொத்தாகச் செத்தபோது அம்மா நகையை வைத்துத்தான் மறுபடி நாற்று வாங்கினார். இந்தக் கேள்வி எனக்குப் பட்டத்துக்காக மட்டும் இல்லை.

கீழக்கரை அண்ணே, தண்ணீர் அசைவை எப்படி அளப்பது? அதற்கான கருவி விலை கேட்டேன், எங்கள் மிதவை எல்லாவற்றையும் விற்றாலும் பத்தாது.

#12 · கீழக்கரையான் · செவ்வாய் காலை 6.20

ராத்திரி தேடினேன், தூக்கம் போய்விட்டது. இதைக் கேளுங்கள்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ்வெல் டோட்டி என்று ஒருவர் இருந்தார். 1971-ல் அவர் பாசி வளரும் இடத்தில் தண்ணீர் அசைவை அளக்க ஒரு வழி எழுதினார். ஐஸ் கட்டி ட்ரேயில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றிக் கட்டியாக்குவது. காயவைத்து எடை போட்டு, ஒரு அட்டையில் ஒட்டிக் கடலில் கட்டுவது. ஒரு நாள் கழித்து எடுத்துக் காயவைத்துத் திரும்ப எடை போடுவது. தண்ணீர் எவ்வளவு அசைந்ததோ அவ்வளவு கரைந்திருக்கும். நின்ற தண்ணீரில் கரைந்த அளவோடு ஒப்பிட்டால் ஒரு விகிதம் கிடைக்கும். அவ்வளவுதான் கருவி.

அவர் யார் தெரியுமா? பிலிப்பைன்ஸில் இந்தப் பாசி வளர்ப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1988-ல் கப்பாபைகஸ் என்று இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரேதான். உங்கள் அம்மா கட்டும் பாசிக்குப் பெயர் கொடுத்த ஆள், அசைவை அளக்க ஐஸ் ட்ரேயைத்தான் எடுத்திருக்கிறார் தங்கச்சி.

வாளியில் ஒன்று, மிதவையில் ஒன்று. இரண்டிலும் எவ்வளவு கரைகிறது என்று பாருங்கள். நான் கேட்ட சமமான எண் அதுவே.

#13 · குருசடை நீச்சல் · செவ்வாய் காலை 8.00

நல்ல வழி. ஒரு எச்சரிக்கை மட்டும். சூடான தண்ணீரில் பிளாஸ்டர் சும்மாவே வேகமாகக் கரையும். சூட்டு வாளியில் கரைந்ததை அசைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 34 டிகிரியில் ஒன்று, சாதா வெப்பத்தில் ஒன்று என்று அசையாத தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். கட்டிகளையும் ஒரே கலவையில் ஒரே நாளில் ஊற்றுங்கள்.

#14 · தங்கச்சிமடம் வத்தை · செவ்வாய் மாலை 4.15

பாசிக்காரத் தங்கச்சி, எடம் நான் சொல்றேன். கரைக்குப் பக்கத்தில் முட்டளவு தண்ணியில் உள்ள மிதவையும், கொஞ்சம் உள்ளே நீவாடு, அதான் நீரோட்டம், ஓடுற எடத்தில் உள்ள மிதவையும் ஒண்ணு இல்ல. காத்து நின்னாலும் நீவாடு நிக்காது. கரையோரம் செத்துக் கெடக்கிற அன்னைக்கும் அங்க கயிறு சாஞ்சுதான் நிக்கும். ரெண்டு எடத்திலயும் கட்டிப் பாருங்க. சும்மா ஒரே எடத்தில் கட்டி அதுதான் கடல்னு எழுதிறாதீங்க.

பாம்பன் பழைய பாலத்தில் காத்து மணிக்கு 58 கிலோமீட்டர் தாண்டினா ரயிலை நிறுத்திட்டு இருந்தாங்க. அதுக்கு அங்க ஒரு காத்துமானி சுத்துச்சு. ஒரே நம்பர், ஆனா வச்ச எடம் பாலத்து மேல. கரையில வச்சிருந்தா என்ன பிரயோசனம்.

#15 · முனைக்காட்டுப் பாசி · அடுத்த புதன் இரவு 9.40

எல்லாருக்கும் நன்றி சொல்வதற்கு முன்னால் என்ன ஆச்சு என்று சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டர் ஒரே கலவையில் நாலு ட்ரே ஊற்றினேன். முதல் ட்ரேயில் உள்ளே காற்றுக் குமிழ் மாட்டி ஓட்டை ஓட்டையாக வந்தது, அதைக் கழித்துவிட்டேன். மற்றதை வெயிலில் காயவைத்து, எடை மாறாமல் நிற்கும் வரை தினமும் போட்டுப் பார்த்தேன். வாளிகளைச் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றினேன். தம்பிதான் சீட்டு எடுத்தான். நீச்சல் அண்ணன் சொன்னபடி இரண்டு வெப்பத்திலும் அசையாத தண்ணீரில் முதலில் கரைத்தேன். சூட்டில் கூடுதலாகத்தான் கரைந்தது. அந்த வித்தியாசத்தைக் கழிக்காமல் இருந்திருந்தால் நேராகத் தப்பில் விழுந்திருப்பேன்.

காற்று ஓய்ந்த நாள் ஒன்று வாய்த்தது. கரையோர மிதவையில் கட்டிய கட்டி, குமிழ் இல்லாத வாளியில் கரைந்த அளவுக்குக் கொஞ்சம் மேலேதான் கரைந்தது. எடுத்துப் பார்த்தபோது அதன் விளிம்புகூட மழுங்கவில்லை, ட்ரேயின் கோடு அப்படியே தெரிந்தது. ஆக அந்த வாளி, காற்று நின்ற நாளின் கரையோரத்துக்கு ஓரளவு பொருந்துகிறது. வத்தை அண்ணன் சொன்ன நீவாட்டு இடத்தில் கட்டியது, அதே நாளில், கூழாங்கல் போல உருண்டுபோய் வந்தது.

குமிழ் வாளி எதற்கும் பொருந்தவில்லை. நான் அளந்த எந்தக் கடல் நாளையும்விட அதில் அதிகம் கரைந்தது. அதனால் முன்னால் எழுதியதில் ஒரு வரியைத் திருத்துகிறேன்: அசைவு இருந்தால் வெள்ளை தள்ளிப்போகும் என்றது, கடலில் கிடைக்காத அளவு அசைவுக்குத்தான் இப்போதைக்கு உண்மை. ஏர் பம்ப் குழாயில் கிளிப் போட்டுக் காற்றைக் குறைத்து, நீவாட்டு இடத்தில் கரைந்த அளவுக்குச் சமமாக வரும் வரை சரிசெய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மா கட்டிகளை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தார். ஒரு மிதவையை உள்ளே கொண்டுபோய்க் கட்டிப் பார்க்கலாமா என்று அவராகவே கேட்டார். அப்பாவுக்குப் படகு இல்லை இப்போது. வத்தை அண்ணே, இழுத்துக்கொண்டு போய் விட முடியுமா? டீசலுக்கு நாங்கள் தருகிறோம்.

#16 · தங்கச்சிமடம் வத்தை · அடுத்த புதன் இரவு 10.05

டீசல் பேச்சே வேண்டாம். சனிக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாரேன், அதுக்குள்ள கச்சான் விழாது. நங்கூரக் கயிறு ரெண்டு சேத்து வைங்க, அங்க இழுப்பு ஜாஸ்தி. அந்தச் சுண்ணாம்புக் கட்டியும் நாலு எடுத்துக்குங்க, நானும் பாக்கணும்.